கழனித் தொட்டியில் ஊற்றிய நீர்

கே.கே. நகர், மதுரை
12.8.1986

அன்புள்ள சுந்தரம்மாளுக்கு,

நான் நலம். உன் முட்டுவலியும் மகளின் இருமலும் தணிந்தனவா?

நீ அனுப்பிய நூடுல்ஸை, கோழிக்கறி வெந்த நீரிலேயே வேகவிட்டு, சோற்றைப் போல வடித்து, கறியோடு வதக்கி உண்டேன். சுவையாகவே இருந்தது. வடித்த நீரை, கஞ்சித் தண்ணீரை ஊற்றும் வழக்கப்படி, வீட்டுக்காரம்மாள் மாயக்காளின் பசுவுக்கான கழனித் தொட்டியில் ஊற்றிவிட்டேன். வெள்ளிதோறும் அவர் குங்குமமிட்டு வணங்கும் பசு அது.

மாலையில் அவர், "என்ன சார், மாடு தொட்டிப் பக்கமே போக மாட்டேங்குது! என்னத்தக் கண்டுச்சோ?" என்றார். "வெயில்" என்றேன். அப்போது தூறிக்கொண்டிருந்தது.

உண்மையைச் சொல்வதா, வேறு வீடு பார்ப்பதா? எனக்கு விளங்கவில்லை. இத்தகையவற்றை நீதான் பேசுவாய். நீ அனுப்புவதாக எழுதியிருந்த ஊறுகாயை அஞ்சலில் அனுப்பாதே. நேரில் கொண்டு வா.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

உன்,
முத்துக்கருப்பன்