வெள்ளிக்கிழமை உங்களுக்கு வயது ஏறுகிறது

என்னங்க,

இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. தொடாதீங்க. இன்சூரன்ஸுக்கு ரத்தம் எடுக்க ஆள் வருவார். அவர் போன பிறகுதான் சாப்பாடு.

நான் கீழ் வீட்டில் இருக்கிறேன். வேலுசாமி அண்ணனை இன்னும் எடுக்கவில்லை. மீசைக்கு மை தடவி நாற்பது என்று சொல்லித் திரிந்தவருக்கு நாற்பத்தொன்பதாம். அவர் தம்பி வாயைக் கிளறித் தெரிந்துகொண்டேன். இன்சூரன்ஸ் பேச்சை எடுத்தாலே அண்ணன், "வயசாச்சுன்னு ஏத்திட்டானுங்கம்மா, போன வருஷமே போட்டிருக்கணும்" என்பார். வருஷா வருஷம் இதே பாட்டு. கடைசிவரை போடவே இல்லை.

உங்களுக்கு வெள்ளிக்கிழமை நாற்பத்தாறு. அது தாண்டினால் பிரீமியம் ஏறிவிடும். டிவி பக்கத்தில் விண்ணப்பம் வைத்திருக்கிறேன், கையெழுத்துப் போடுங்க.

சிகரெட் உண்டா என்று கேட்டால் உண்டு என்றே சொல்லுங்க. பஸ் டிப்போ டீக்கடை விஷயம் தெருவுக்கே தெரியும், எனக்குத் தெரியாதா?

ராஜகுமாரி

ஒன்று விட்டுப்போச்சு. "நான் செத்தா உனக்கு லாபமா?" என்று நேற்று கேட்டீங்க. சாப்பிட்டதும் கீழே வாங்க. அண்ணன் பெண்டாட்டி பத்மா முகத்தைப் பார்த்துவிட்டு, அதே கேள்வியை இன்னொரு தடவை கேளுங்க.