கறுப்பு அம்பாசடரைத் தள்ளியவர்கள்

அனுப்பம்பட்டு
3.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

'அன்புள்ள' என்று கைப்பழக்கத்தில் எழுதிவிட்டேன். அடித்தால் காகிதம் கெட்டுவிடும் என்று விட்டுவைத்திருக்கிறேன். உண்மையில் கொதித்துப்போய் இருக்கிறேன்.

இன்று காலை இறால்காரி முனியம்மாள் கூடையை இறக்கியதும் இறக்காததுமாக, "அக்கா, உங்க அண்ணனை ஞாயித்துக்கெழமை ஏரியில முக்கி எடுத்தாங்க"னு சொன்னாள். படகு கவிழ்ந்து நீ போய்விட்டாய் என்றே நினைத்து ஓவென்று கத்தினேன். என் வீட்டுக்காரர் சட்டைகூடப் போடாமல் ஓடி வந்தார். அப்புறம்தான் அவள், "ஐயோ, நல்லாத்தான் கீறாரு. ஞானஸ்நானம் எடுத்துக்கினாரு"னு சொல்கிறாள். ஒரு நிமிஷம் உயிர் திரும்பி வந்தது. மறு நிமிஷம், படகே கவிழ்ந்திருந்தாலும்... வேண்டாம், நான் எழுதவில்லை.

என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா? லட்சுமி அண்ணி போன பிறகு உனக்கென்று நான் ஒருத்திதானே இருக்கிறேன்? நைனா வைத்த பேராவது மிச்சம் இருக்கிறதா, அதையும் ஏரியில் விட்டுவிட்டாயா? ஆவணியில் தேவதர்ஷினி கல்யாணம். தாய்மாமன் நீ நெற்றியில் பட்டம் கட்டாமல் என் பொண்ணு எப்படி மணையில் உட்காருவாள்? என் வீட்டுக்காரரின் அண்ணன், மூத்தார் தனசேகர், விஷயம் கேட்டதும், "வேதத்துல சேந்தவன் மேடை ஏறக் கூடாது. உங்க சித்தப்பா மவன் சிவகுமார் கட்டட்டும்"னு ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

போன் செய்யாதே. நாம் இரண்டு பேரும் கத்துவோம், நான் பாதியில் வைத்துவிடுவேன். எழுதி முனியம்மாளிடம் கொடுத்தனுப்பு.

கோபத்துடன்,
ஜமுனா

*

பழவேற்காடு
7.6.2024

அருமைத் தங்கச்சி ஜமுனாவுக்கு அண்ணன் எழுதுவது.

நான் நலம். உன் கோபமும் நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பது தெரிந்து சந்தோஷம்.

பேர் பத்திரமாக இருக்கிறது. பாஸ்டர், "வேற பேரு வெச்சிக்கிறீங்களா?"னு கேட்டார். "செங்கல்வராயன்னு எங்க நைனா வெச்சாரு. முருகன் பேருதான், இருந்துட்டுப் போவட்டுமே"னு சொன்னேன். அவர் சிரித்துவிட்டு அந்தப் பேரைச் சொல்லியே முக்கினார். உன்னிடம் முன்கூட்டியே சொன்னால் கரையில் வந்து புரண்டு அழுவாய் என்று பயந்துதான் சொல்லவில்லை.

யாரும் ஆசை காட்டி என்னை இழுக்கவில்லை, அம்மாடி. இழுத்துக்கொண்டு போனவை நான் ஓட்டிய பழைய வண்டிகள். சிரிக்காதே, மேலே படி.

போன வருஷம் சர்க்கரையால் கண் மங்கி, இனி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு நான் எப்படி இருந்தேன் என்று உனக்குத் தெரியும். வருகிறவர் போகிறவர் மேலெல்லாம் எரிந்து விழுந்தேன். காலமெல்லாம் அடுத்தவன் வண்டியை ஓட்டியே முடிந்தது, சொந்தமாக ஒன்று வாங்க வக்கில்லையே என்று என்னையே திட்டிக்கொண்டு கிடந்தேன். சும்மா உட்கார்ந்திருப்பவனுக்கு வேறு என்ன வேலை? ஓட்டிய வண்டிகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வரும்.

ஸ்டீயரிங் பக்கத்திலேயே கியர் வைத்த அந்த வெள்ளை ஃபியட்டை மறந்திருக்க மாட்டாய். அதில்தான் ஞாயிறுதோறும் அதன் சொந்தக்காரி மேரி டீச்சரைக் குப்பத்துச் சபைக்கு அழைத்துப்போவேன். டிரைவர் உள்ளே போவானா? வேப்பமர நிழலில் நிறுத்தி, கதவைத் திறந்துவைத்து, காலை வெளியே நீட்டிக்கொண்டு படுத்திருப்பேன். பாட்டும் ஜெபமும் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருக்கும். நான் காது கொடுத்ததாகவே நினைக்கவில்லை. ஆனால் பக்கத்து வீட்டுத் தாளிப்பு வாசனை மாதிரி, கூப்பிடாமலேயே எல்லாம் உள்ளே வந்திருக்கிறது. இப்போது அந்த ஃபியட்டை நினைத்தாலே பாட்டு வரிவரியாக வருகிறது.

அதற்கு முந்தியது முதலாளியின் கறுப்பு அம்பாசடர். அதன் பேட்டரி செத்தே கிடக்கும், தள்ளினால்தான் கிளம்பும். நான் செகண்ட் கியர் போட்டு கிளட்சை மிதித்தபடி முன்னால் உட்கார்ந்திருப்பேன். பின்னால் யாராவது தள்ளுவார்கள். கிளட்சை விட்டதும் உதைத்துக்கொண்டு ஓடும். அப்போது நிறுத்தினால் மறுபடியும் அணைந்துவிடும். அதனால் இறங்கி ஒருத்தருக்கும் நன்றி சொன்னது கிடையாது. கையை வெளியே நீட்டி ஆட்டிவிட்டுப் போய்விடுவேன். தேவதர்ஷினி பிறக்கிற அன்று, நீ இடுப்பு வலியோடு பின் சீட்டில் கிடக்க, காட்டூர் தாண்டி மழையில் நின்றுவிட்டதே? அன்றைக்கும் யாரோ தள்ளினார்கள். நேரத்துக்குப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டோம். தள்ளியவர் முகம்கூட எனக்குத் தெரியாது.

ஒரு நாள் சாயங்காலம் இதை நினைத்துக்கொண்டிருந்தவன் அழுதுவிட்டேன், ஜமுனா. யார் யாரோ தள்ளித்தான் நான் ஓடியிருக்கிறேன். நான் வாங்காத வண்டிகள் என் கைக்கு வந்து எனக்குச் சோறு போட்டிருக்கின்றன. இப்போதுதான் வண்டி நின்றுவிட்டதே, இறங்கிப் போய் நன்றி சொல்லலாமே என்று தோன்றியது. யாரிடம் சொல்வது? கால் தானாக அந்தச் சபைக்குப் போனது. முதல் தடவையாக உள்ளே போய் உட்கார்ந்தேன். இத்தனை வருஷமாக மரத்தடியில் கிடந்தவனை ஏசு பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார் என்று பட்டது. நெஞ்சில் இருந்த எரிச்சல் இறங்கிவிட்டது. இப்போது படுத்தால் தூக்கம் வருகிறது. வாங்காத வண்டிக்காக ஏங்குவதில்லை.

கல்யாணத்துக்குக் கட்டாயம் வருவேன். பட்டம் கட்ட எனக்கு ரொம்ப ஆசை. மற்றது நீங்கள் பார்த்துச் செய்வது.

என்றும் உன் அண்ணன்,
செங்கல்வராயன்

*

அனுப்பம்பட்டு
11.6.2024

அண்ணா,

கடிதம் இறால் வாசனையோடு வந்து சேர்ந்தது. வீட்டுப் பூனை அதையே சுற்றிச் சுற்றி வருகிறது.

தள்ளியவர் முகம் தெரியாது என்கிறாயே, பின் சீட்டில் சாய்ந்து கிடந்தவள் நான். கண்ணாடி வழியாக எல்லாம் பார்த்தேன். தள்ளியது உன் ஏசு இல்லை. ஏரியில் கையால் இறால் தடவிவிட்டு வந்த பொம்பளைகள். ஒருத்தி இறால் போட்ட ஓலைப் பறியைக் கீழே வைக்காமல் பல்லால் கடித்துக்கொண்டே தள்ளினாள். "அங்காளம்மா, நல்லா முட்டுக் குடு"னு இன்னொருத்தி அவளை அதட்டினாள். அந்தப் பேர் இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நன்றி சொல்ல வேண்டுமானால் அவளிடம் போய்ச் சொல்.

மூத்தார் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார். "நெத்தியில ஒரு கீத்து விபூதி இருந்தா போதும், நான் வாயே தொறக்கல"னு சொல்லிவிட்டார். அண்ணா, ஒரே ஒரு நாள். பூசிக்கொண்டு வந்து கட்டிவிட்டுப் போ. அப்புறம் உன் இஷ்டம். யார் வந்து கேட்கப்போகிறார்கள்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு உனக்கு ஒன்று ஆனால் நைனா பக்கத்தில் இல்லாமல் வேறெங்கோ கல்லறையில் படுப்பாய். நான் எந்தத் திக்கைப் பார்த்து அழுவேன்? சாமி மாறினால் ஜனமும் மாறிவிடும் என்று இங்கே எல்லாரும் பேசுகிறார்கள். என்னையும் விட்டுவிடுவாயா, அண்ணா? எனக்கு அதுதான் பயம். மற்றதெல்லாம் வெறும் கத்தல்.

ஜமுனா

*

பழவேற்காடு
17.6.2024

கண்ணு ஜமுனா,

நீ சொன்னபடியே அங்காளம்மாளைத் தேடிப் போனேன். முனியம்மாள்தான் வீட்டைக் காட்டினாள். தலை முழுக்க நரைத்துவிட்டது, இன்னும் ஏரியில் இறங்குகிறாள். மழை, அம்பாசடர், பிள்ளைவலி எல்லாம் சொன்னேன். "எத்தினி வண்டியைத் தள்ளியிருப்பேன், உன்னுது எதுன்னு யாரு கண்டா? புள்ள இன்னா புள்ள?"னு கேட்டாள். "பொண்ணு, ஆவணியில கண்ணாலம்"னு சொன்னேன். வாய் நிறையச் சிரித்தாள். உன் பெயரைச் சொல்லியும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

விபூதி விஷயம். அதன் மேல் எனக்கு எந்த வெறுப்பும் இல்லை. நைனா தினம் பூசிவிட்ட கைச்சூட்டை நான் மறக்கவில்லை. ஆனால் வேஷத்துக்குப் பூச என்னால் ஆகாது. உன் பொண்ணு நெற்றியில் பட்டம் கட்டும்போது என் நெற்றியில் பொய் இருக்கக் கூடாது, அம்மா. சிவகுமாரே கட்டட்டும், நல்ல பையன். நான் கூட்டத்தோடு கூட்டமாகக் கீழே உட்கார்ந்து பார்க்கிறேன். அதற்கு மட்டும் உன் மூத்தாரிடம் கேட்டுவை.

உன்னை விட்டுவிடுவேனா என்று எப்படி உனக்குக் கேட்கத் தோன்றியது? படித்ததும் சாப்பாடு இறங்கவில்லை. நான் தினம் ஜெபம் செய்வதே உன் பேரில்தான் தொடங்குகிறது. படுக்கப்போகிற இடத்தை இப்போதே பிடித்துக்கொண்டு அழாதே. பஸ் ஏறி வா, உயிரோடு இருக்கிறவனைப் பார்.

உன் அண்ணன்,
செங்கல்வராயன்

*

அனுப்பம்பட்டு
22.6.2024

அண்ணா,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாருக்கும் சத்தமாகப் படித்தேன். பொய் இருக்கக் கூடாது என்கிற இடத்தில் நிறுத்திவிட்டேன். தேவதர்ஷினி வாங்கி மீதியைப் படித்தாள். படித்து முடித்து, "மாமா கட்டலைன்னா என் நெத்தி சும்மாவே இருக்கட்டும், பெரியப்பா"னு சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மூத்தார் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் அவரே வந்தார். "பூசிக்கினு வந்து என்னை ஏமாத்தியிருக்கலாம். ஏமாத்தலை. சரி, அவரே கட்டட்டும். ஆனா மேடையில ஜெபம் கிபம்னு ஒண்ணும் வெச்சிக்கக் கூடாது, பாத்துக்க"னு கறாராகச் சொல்லிவிட்டுப் போனார். அண்ணா, தயவுசெய்து இதற்காவது சரி என்று சொல். அவர் கத்தினால் கல்யாண மண்டபமே திரும்பிப் பார்க்கும்.

ஜமுனா

(முனியம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். 'சரி' என்று அவளிடம் வாயால் சொல்லியனுப்பினாலும் போதும்.)

*

அனுப்பம்பட்டு
12.9.2024

என் அன்பு அண்ணனுக்கு,

இந்தத் தடவை 'அன்பு' பழக்கத்தில் வந்ததல்ல, யோசித்து எழுதியது.

பந்தல் பிரித்தாகிவிட்டது. வீடு வெறிச்சென்று இருக்கிறது. தேவதர்ஷினி நேற்றுப் பேசினாள், நன்றாக இருக்கிறாள். முதல் கேள்வியே, "மாமா பத்திரமா போய்ச் சேந்தாரா?" என்றுதான். நீ சாப்பிட்ட கையோடு பஸ்ஸுக்கு ஓடிவிட்டாய், அந்தக் கூட்டத்தில் உன்னிடம் எதுவும் பேச முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

பட்டத்தைக் கட்டி முடிச்சு போட்டதும் நீ அவள் தலையில் கை வைத்தாய். அதுவரை சரி. அப்புறம் உன் கண் தானாக மூடிக்கொண்டது, உதடு அசைய ஆரம்பித்துவிட்டது. நீ வேண்டுமென்று செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். முனியம்மாளிடம் 'சரி' என்று சொல்லியனுப்பியதே உனக்கு நினைவில் இல்லை. முன்வரிசையில் மூத்தார் எழுந்து நிற்பதைப் பார்த்தேன். போச்சு, எல்லாம் போச்சு என்று அவர் கையைப் பிடித்துக் கெஞ்ச ஓடினேன். அதற்குள் அவர் மேடை ஓரத்துக்குப் போய்விட்டார்.

போய், மேளக்காரரைப் பார்த்துக் கையைத் தூக்கி, "கொஞ்சம் நிறுத்துப்பா. மாமன் பொண்ணுக்காக வேண்டிக்கினு கீறாரு"னு சொன்னார். மேளம் நின்றது. ஐயரும் மந்திரத்தை நிறுத்திவிட்டு உனக்காகக் காத்திருந்தார். மண்டபத்தில் குழந்தைகளைத் தவிர ஒருத்தரும் பேசவில்லை. நான் அங்கேயே நின்று அழுதேன். பயத்தில் இல்லை. இத்தனை மாதமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டு இருந்த பயம் அந்த நிமிஷம் போய்விட்டது, அண்ணா. நீ எங்கள் ஆள்தான்.

நீ கண்ணைத் திறந்ததும் மூத்தார் கை காட்ட, மேளம் மறுபடி கெட்டியாக முழங்கியது. நீ எதையும் கவனித்திருக்க மாட்டாய். உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் தங்கச்சி,
ஜமுனா