அண்ணைக்குக் கொடுத்த மோல்ற்

அண்ணை,

இன்று காலை, ஹம்பேர்க்கில் என் வீட்டுக்குப் பக்கத்துக் கடையின் பானங்கள் வரிசையில், நான் ஒரு தீர்மானம் எடுத்தேன். எடுத்த போத்தலை எடுத்த இடத்திலேயே திரும்ப வைப்பது என்பதே அந்தத் தீர்மானம். அது ஒருமனதாக நிறைவேறியது. நிறைவேற ஏறக்குறைய நான்கு நிமிடங்கள் பிடித்தன. பின்னால் தள்ளுவண்டியுடன் நின்ற பெண்மணி அதற்குள் இரண்டு தடவை தொண்டையைச் செருமிவிட்டார். ஜெர்மனியின் இரண்டு பாதிகளை ஒட்டியவர்கள்கூட அவ்வளவு நேரம் யோசித்தார்களா என்பது எனக்குச் சந்தேகம்.

போத்தல் உங்களுக்குத் தெரிந்ததுதான். மண்ணிறக் கண்ணாடி, உள்ளே கறுத்த, நுரைக்கிற, மதுசாரம் இல்லாத மோல்ற், முளைவிட்ட பார்லிப் பானம். மூடியைத் திறக்கவேண்டிய அவசியமே இல்லை. கையில் எடுத்ததும் கருகிய சீனியின் மணம் எங்கிருந்தோ வந்துவிடுகிறது. அதோடு நீங்களும் பதினேழாம் இலக்க அறையும்.

அந்த அறை இருந்த கட்டிடம் முன்பு படைவீடாக இருந்தது. கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். அகதி விண்ணப்பம் போட்டவர்களுக்கான ஹைம் என்று அதற்குப் பெயர் மாற்றியிருந்தார்கள். தொண்ணூற்று நான்காம் ஆண்டு நாம் இருவரும் அங்கே சேர்ந்தபோது, கையில் காசு கொடுத்தால் நாம் அதைத் தவறாகச் செலவழிப்போம் என்று மேலிடத்தில் கண்டுபிடித்திருந்தார்கள். ஆகவே செவ்வாயும் வெள்ளியும் உணவுப் பொதி வந்தது. சமைக்கும் சுதந்திரம் எங்களுக்கு முழுமையாக இருந்தது. எதைச் சமைப்பது என்பதை மட்டும் அலுவலகம் பார்த்துக்கொண்டது.

வெள்ளைப் பாண், ஜாம், பைக்கற்று சூப், தண்ணீர் ஊற்றினால் உருளைக்கிழங்காகிவிடும் தூள், தகரத்தில் அடைத்த ரவியோலி, பழத்தின் படம் போட்ட நீர், விசுக்கோத்து, ஆளுக்கு இரண்டு போத்தல் மோல்ற். மரக்கறி சூப் பைக்கற்றின் அட்டைப்படத்தில் இருந்தது. முதல் பொதியைக் கட்டிலில் கொட்டிப் பார்த்துவிட்டு நீங்கள் சொன்னீர்கள்:

"ஐசே, இதுக்குள்ளை சாப்பாட்டைத் தவிர மற்றதெல்லாம் இருக்கு."

மத்தியானம் இரண்டு மணிக்கு அந்த வீடு முழுவதும் தூங்கும். முதலில் அதைக் கவலை என்று நினைத்தேன். பிறகு, கவலைப்படுகிறவர்களுக்கு அவ்வளவு நல்ல தூக்கம் வராது என்று தோன்றியது. பாணும் ஜாமும் உள்ளே போய் அரை மணி நேரத்தில் மூன்று மாடியும் குறட்டை. நான்கு மணிக்கு எல்லோரும் எழும்பி, ஏன் இவ்வளவு பசிக்கிறது என்று ஆளை ஆள் கேட்டுக்கொண்டு விசுக்கோத்துப் பெட்டியைத் திறப்போம்.

நீங்கள் மட்டும் தூங்குவதில்லை, தொடக்கத்தில். ஊரில் நீங்கள் ஸ்டேஷன் மாஸ்டர். ரயில் யாழ்ப்பாணம் வருவது நின்று, தண்டவாளமும் கழன்று போனபிறகும், நேர அட்டவணை உங்கள் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதே இடத்தில் ஹைமிலிருந்த தமிழர் அத்தனைபேரின் திகதிகளும் இருந்தன. விசாரணை அதிகாரிகள் துயரத்தைவிடத் திகதியையே நம்புவார்கள் என்பதை எல்லோருக்கும் முன்னால் விளங்கிக்கொண்டவர் நீங்கள். ஒவ்வொருவரும் தன் கதையை ஒருமுறை உங்களிடம் சொல்லிவிட்டு, மறந்துபோனதை உங்களிடம் வந்து கேட்பார்கள்.

"அண்ணை, நான் எப்ப கொழும்புக்கு வந்தனான்?"

"கார்த்திகை இருபத்தொண்டு. திங்கள். மழை."

"மழையோ?"

"நீர்தானே ஐசே சொன்னனீர். குடை துலைஞ்சதெண்டு."

என்னுடைய பதினொரு திகதிகளும் உங்களிடம்தான் இருந்தன. விசாரணைக்கு முந்திய வாரம் அவற்றை வரிசையாக எனக்குத் திருப்பித் தந்தீர்கள். என் விண்ணப்பம் ஏற்கப்பட்டது. முரண்பாடு இல்லாத கூற்று என்று எழுதியிருந்தார்கள். வாழ்க்கையில் என்னைப் பற்றி யாரும் எழுதிய மிக உயர்ந்த பாராட்டு அதுதான். அது உங்களுக்குரியது. ஹம்பேர்க்கில் வேலை கிடைக்கும்வரை நான் உங்களுடன் அதே அறையில் இருந்தேன்.

உங்கள் முறை மார்ச் மாதம் என்று கடிதம் வந்தது. மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். உங்களை ஏற்றுக்கொண்டால் அவர்கள் வரலாம். ஏற்காவிட்டால் லொட்ஜ்தான்.

அந்தக் குளிர்காலத்தில்தான் நீங்கள் இளைக்கத் தொடங்கினீர்கள். ஓயாத தாகம். இரவில் நாலு தடவை எழும்புவீர்கள். பகலில் நீங்களும் தூங்கினீர்கள். ஒருநாள் கேத்திலை வெறுமையாக அடுப்பில் வைத்துவிட்டு, அது சிவந்துகொண்டிருப்பதைப் பார்த்தபடி கதிரையில் இருந்தீர்கள். எதிர் அறை மேரியக்கா கருகல் மணத்துக்கு ஓடிவந்தா. மன்னாரைச் சேர்ந்தவ, ஹைமின் தமிழருக்கு வைத்திய ஆலோசனையும் செபமும் வழங்கியவ.

"என்னண்ணை, எலும்பும் தோலுமாப் போட்டியள்?"

"தண்ணி தண்ணியெண்டு கிடக்குப் பிள்ளை. நினைக்கிறதொண்டும் நிக்குதில்லை."

"அது பலவீனம். மோல்ற் குடியுங்கோ. ஊரிலை சோதினைக்குப் போற பிள்ளையளுக்கு அதைத்தானே குடுக்கிறது. மூளைக்கு அதுதான்."

"நீ எத்தினை போத்தல் குடிச்சனி?"

"நான் எட்டாம் வகுப்போடை நிண்டனான், அண்ணை. மோல்ற் காணாமல்தான்."

மூவரும் சிரித்தோம். சிரித்தபின் அந்த ஆலோசனையை நான் நடைமுறைக்குக் கொண்டுவந்தேன். நம்மூரில் காய்ச்சல்காரனுக்கு, பிள்ளை பெற்றவளுக்கு, சோதனை எழுதுகிறவனுக்கு மோல்ற்றும் குளுக்கோசும் கொடுப்பது வழக்கம். அதில் சந்தேகப்பட எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. நான் ஓரளவு வாசித்தவன் என்று பெயரெடுத்தவன் வேறு. என் பங்கு ரவியோலியைக் கொடுத்து மற்றவர்களின் மோல்ற்றை வாங்கினேன். மூன்று மாடிகளிலும் ஏறி இறங்கினேன். கட்டிலுக்குக் கீழே போத்தல்கள் அணிவகுத்து நின்றன. நீங்கள் ஒரு நாளைக்கு ஆறு குடித்தீர்கள். தாகம் எடுத்தது, குடித்தீர்கள். குடித்தீர்கள், தாகம் எடுத்தது. மருந்து வேலை செய்ய நாளெடுக்கும் என்று நாம் பேசிக்கொண்டோம்.

ஹைமின் பொறுப்பாளர் கவனமான மனிதர். பொதியில் எது மிஞ்சுகிறது, எது மிஞ்சவில்லை என்று ஒரு தாளில் குறித்து வந்தார். மோல்ற் ஒருபோதும் மிஞ்சவில்லை. மாசியிலிருந்து அது ஆளுக்கு மூன்றாக உயர்த்தப்பட்டது. குடியிருப்போரின் விருப்பம் மதிக்கப்பட்டதாக நான் அறிந்த ஒரே தடவை அது.

விசாரணை நாள் காலை, ரயில் மேடையில், இரண்டு போத்தல்களை உங்கள் பையில் வைத்தேன்.

"உள்ளுக்குப் போகமுன்னம் ரெண்டையும் குடிச்சிடுங்கோ அண்ணை."

"நீர் என்னைக் குடிகாரனாக்கித்தான் விடுவீர்."

குடித்திருக்கிறீர்கள். அது விசாரணைப் பதிவில் தெரிகிறது. அதன் பிரதி இப்போது என்னிடம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிய மாதத்தை மூன்று விதமாகச் சொல்லியிருக்கிறீர்கள். இரண்டாவது மகள் எப்போது பிறந்தாள் என்ற கேள்விக்கு, மூத்தவளுக்கு முன் என்று பதில். இடையிடையே குடிக்கத் தண்ணீர் கேட்டதும், நாலு தடவை கழிப்பறைக்குப் போனதும் நேரத்துடன் பதிவாகியிருக்கின்றன. கடைசியில் அதிகாரியின் குறிப்பு: விண்ணப்பதாரர் சிக்கலான கேள்விகளின்போது அறையைவிட்டு வெளியேறுவதை வழக்கமாகக் கொண்டிருந்தார்.

அன்று பின்னேரம் சப்பாத்தைக் கழற்றாமல் கட்டிலில் இருந்துகொண்டு நீங்கள் சொன்னது பதிவில் இல்லை.

"திகதியள் எல்லாம் கழண்ட பெட்டி மாதிரி அங்கங்கை நிண்டுது ஐசே. இஞ்சின் மட்டும் போகுது."

நான் என்ன செய்தேன் தெரியுமா? இன்னொரு போத்தலைத் திறந்து தந்தேன்.

நிராகரிப்புக் கடிதத்தை நான்தான் வாசித்து மொழிபெயர்த்தேன். முரண்பாடான கூற்று. என்னுடைய கடிதத்தில் இருந்த அதே சொல், ஓர் எதிர்மறை மட்டும் கழன்றிருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை, பொதிக்கான வரிசையில், உங்களுக்கு முன்னால் நாலு பேர் இருக்கும்போது விழுந்தீர்கள்.

ஆஸ்பத்திரியில் இரத்தச் சீனி பார்க்கும் சிறு கருவி எண் எதையும் காட்டவில்லை. எண்களைத் தாண்டிவிட்டது என்று வைத்தியர் சொன்னார். இளம் பெண். இவர் என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டார். நான் வாங்கிய பொதி கையிலேயே இருந்தது, மேசையில் வைத்தேன். ஒவ்வொன்றாக எடுத்து, பின்பக்கத்துச் சிறிய எழுத்துகளை வாசித்தார். பாணில் சீனி. சூப்பில் சீனி. ரவியோலிக் குழம்பில் சீனி. கடைசியாக மோல்ற்றைத் தூக்கிப் பிடித்தார்.

"இது ஒரு நாளைக்கு எத்தனை?"

"ஆறு."

"யார் கொடுத்தது?"

கொடுக்கப்பட்டது, என்றேன். ஜெர்மன் மொழியில் அந்த வாக்கிய அமைப்பு எனக்கு முதன்முதலாகப் பிழையில்லாமல் வந்தது அன்றுதான்.

சீனி வருத்தம் முன்பே உடம்புக்குள் இருந்திருக்கலாம், பரம்பரையாலும் வரும், பொதியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது என்று அவர் நிதானமாக விளக்கினார். ஆனால் இருக்கிற நெருப்புக்கு இப்படி ஊற்றக்கூடாது. சீனி இந்த அளவுக்கு ஏறி, உடம்பில் நீர் வற்றிப்போனால் மூளை தெளிவாக வேலை செய்யாது. நான் விசாரணையைப் பற்றிச் சொன்னேன். அவர் விசாரணை நடந்த திகதியைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, எழுதித் தருகிறேன் என்றார்.

விசேட உணவுக்கு ஓர் அன்ராக் போடவேண்டியிருந்தது. அந்த விண்ணப்பம் ஏற்கப்பட்டு நோயாளர் பொதி வந்தது. ஜாமுக்குப் பதிலாக நீரிழிவுக்காரர் ஜாம், விசுக்கோத்துக்குப் பதிலாக நீரிழிவுக்காரர் விசுக்கோத்து, மேலதிகமாக நீரிழிவுக்காரர் சொக்கலேற். பாண் வெள்ளையாகவே இருந்தது. மேரியக்கா அதைப் பார்த்துவிட்டு, தெரிந்த ஒரு தோட்டத்திலிருந்து கீரையும் போஞ்சியும் கேட்டு வாங்கிவந்து ஒவ்வொரு நாளும் அவித்துத் தந்தா. பருப்பும் அவவின் உபயம்தான்.

நாலு கிழமையில் நீங்கள் திரும்பி வந்தீர்கள். முழுவதும் அல்ல. ஒரு காலை, முகம் வழித்துக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்து, உங்கள் பன்னிரண்டு திகதிகளையும் வரிசையாகச் சொன்னீர்கள். இரண்டாவது மகள் மூத்தவளுக்குப் பிறகு பிறந்தாள்.

"எல்லாம் கொழுவியாச்சு ஐசே. சிக்னல்தான் விழவேணும்."

வழக்கறிஞர் வைத்தியரின் கடிதத்தை இணைத்து மேன்முறையீடு செய்தார். சிக்னலுக்காக இரண்டு குளிர்காலம் காத்திருந்தீர்கள். இரண்டாவதின் முடிவில், பஸ் தரிப்பிடத்தில், மாரடைப்பு. நீதிமன்றக் கடிதம் உங்கள் முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு முந்திய வாரம் வந்தது. முதல் விசாரணையின்போது விண்ணப்பதாரர் பதிலளிக்கும் நிலையில் இருக்கவில்லை. விசாரணை மீண்டும் நடத்தப்படவேண்டும். அதை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். நீங்கள் வரமாட்டீர்கள் என்றேன். வராவிட்டால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகக் கருதப்படும் என்றார்கள்.

உங்கள் மனைவி லொட்ஜிலிருந்து எழுதிய கடிதத்தில் ஒரேயொரு கேள்வி இருந்தது. அவர் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டவரோ? ஓம், செவ்வாயும் வெள்ளியும் தவறாமல் வந்தது என்று பதில் எழுதினேன். மோல்ற்றைப் பற்றி எழுதவில்லை. அதைச் சொல்லவேண்டிய கடிதம் இன்னும் எழுதப்படாமல் மிச்சமிருக்கிறது. இதை எழுதுவது ஒருவேளை அதற்கான ஒத்திகையாக இருக்கலாம்.

போன மாதம் எனக்கும் தாகம் தொடங்கியது. இம்முறை யாரிடமும் ஆலோசனை கேட்கவில்லை, நேரே வைத்தியரிடம் போனேன். சீனி, ஆனால் ஆரம்பம் என்றார்கள். உதவியாளர் ஒரு படிவத்தை நிரப்பினார். குடும்பத்தில் யாருக்காவது இந்த வருத்தம் இருந்ததா? என் தாய் தகப்பனுக்கு இல்லை, கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை.

"அண்ணனுக்கு இருந்தது," என்றேன்.

"அவர் பிறந்த திகதி தெரியுமா?"

சொன்னேன். கேட்டிருந்தால் உங்கள் மற்றப் பதினொரு திகதிகளையும் வரிசையாகச் சொல்லியிருப்பேன். அவர் ஒன்றைத்தான் கேட்டார், கட்டத்தில் எழுதினார்.

அண்ணன் இருந்தபடியால் என்னை மூன்று மாதத்துக்கொருமுறை வரச்சொல்லியிருக்கிறார்கள். அடுத்த ரெர்மின் செவ்வாய்க்கிழமை, காலை எட்டேகால், வெறும் வயிற்றில்.