ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே

ஜூன் 2

டாக்டரம்மாவுக்கு,

லேபில் ரத்தம் எடுப்பவளை டாக்டர் என்று கூப்பிடாதீர்கள் என்று நீயும் எத்தனையோ தடவை சொல்லிவிட்டாய். நம் பழைய தெருவே உன்னை அப்படித்தான் கூப்பிட்டது. எனக்கு இனிமேல் நாக்கு திரும்பாது, விட்டுவிடு.

குடித்தனக்காரரை உன் தம்பியின் வேனில் ஏற்றியாகிவிட்டது. கல்யாணமான வருடம் அந்தப் பழைய கிட்டாரை வாங்கிவந்து, வீட்டில் இருந்த ஒரே நல்ல நாற்காலியில் உட்கார வைத்தோம். நாம் இருவரும் பாயில். 'வாடகை தராத குடித்தனக்காரர்' என்று அன்றைக்கு நீதான் பெயர் வைத்தாய். உன் தம்பி இந்தத் தடவையும் முணுமுணுத்தான். "மாமா, புருஷன் பொண்டாட்டி பிரிஞ்சா நிம்மதிம்பாங்க. எனக்கு வருஷத்துக்கு ரெண்டு வாட்டி இந்தப் பெட்டியைத் தூக்கறதே பொழப்பாப் போச்சு" என்றான். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

கம்பிகளை இரண்டிரண்டு சுற்று தளர்த்தியிருக்கிறேன். முறுக்கு ஏறியபடியே வேனில் போட்டால், ஒரு பள்ளத்தில் இறங்கினாலே கிட்டாரின் கழுத்து முறிந்துவிடும். போன டிசம்பரில் நீ அனுப்பியபோது ஒரு கம்பி விறைத்துக்கொண்டிருந்தது. மறக்காதே.

என் ஆறு மாதத்துப் பழைய கம்பிகளை வழக்கம்போல் உறையில் போட்டு, தேதி எழுதி, பெட்டியின் சின்ன அறையில் வைத்திருக்கிறேன். புதிய கம்பி மாட்டியாகிவிட்டது. இந்த உறைகளையெல்லாம் பார்த்தால் வருகைப் பதிவேடு மாதிரி இருக்கிறது.

போன வாரம் நம் வக்கீலின் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது என்று கம்பெனியிலிருந்து என்னையே அனுப்பினார்கள். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருந்தவர் வக்கீலேதான். கதவை நெம்பித் திறந்ததும் என்னைப் பார்த்து, "அட, கிட்டார் பார்ட்டி!" என்றார். "பாத்திரம் பண்டமெல்லாம் கால் மணி நேரத்துல பிரிச்சீங்க. அந்த மரத்துக்கு ஒன்றரை மணி நேரம் என் உயிரை வாங்கினீங்களே சார். இன்னும் ஆறு மாசம் அங்கே, ஆறு மாசம் இங்கேதானா?" ஆமாம் என்றேன். "யாராவது தன் முறையில வாசிக்காம வச்சிருந்தா அடுத்தவருக்கே நிரந்தரமா விட்டுடணும்னு எழுதினோமே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார். நன்றாக ஞாபகம் இருக்கிறது என்றேன்.

ஹோட்டல் வரவேற்பறையில் கிட்டார் வாசிப்பாரே மொட்டை, அவர் இன்னும் வாசிக்கிறார். அங்கே லிஃப்ட் சர்வீஸுக்குப் போனபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். கம்பியை மீட்டும் பிக் கையில் இல்லை, வெறும் நகம்தான். நீ சொன்னதே சரி. நான் தோற்றேன், போதுமா?

முழங்கால் வலிக்கிறது. மற்றபடி ஒன்றுமில்லை.

லிஃப்ட்காரன்


டிசம்பர் 5

லிஃப்ட்காரருக்கு,

மொட்டை நகத்தால்தான் வாசிக்கிறார் என்று ஒத்துக்கொள்ள உங்களுக்குப் பன்னிரண்டு வருடம் ஆகியிருக்கிறது. பரவாயில்லை, சீக்கிரம்தான்.

இங்கே எங்கள் கட்டடத்து லிஃப்ட் அக்டோபரில் படுத்தது, இன்னும் எழுந்திருக்கவில்லை. நாலு மாடி. டியூட்டி முடிந்து வந்து முதல் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் ஏறுகிறேன். காய்கறிக்காக ஒரு தடவை, குப்பைக்காக ஒரு தடவை என்றெல்லாம் இப்போது இறங்குவதில்லை; எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தடவை. குடித்தனக்காரரை இன்றைக்குத் தம்பிதான் இறக்கினான். அவன் திட்டியதை எழுத முடியாது.

தினமும் சாயங்காலம் அரை மணி நேரமாவது வாசிக்கிறேன். நாம் பழைய டேப்பில் திரும்பத் திரும்பக் கேட்போமே அந்த மெதுவான மெட்டு, அதன் இரண்டாம் பாதி ஓரளவு படிந்துவிட்டது. சுண்டுவிரல் மட்டும் பேச்சைக் கேட்பதில்லை.

இரண்டு பேர் பார்க்கும் வேலையை லேபில் நான் ஒருத்தி பார்க்கிறேன். காலையில் ஒரு தாத்தா, "பாத்தும்மா, இருக்கிறதே அரை லிட்டர்தான்" என்றார். அன்றைக்குச் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

என் பழைய கம்பிகள் உறையில் இருக்கின்றன. புதியது மாட்டிவிட்டேன். ஆறையும் தளர்த்தியிருக்கிறேன், எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். கொடுக்க மாட்டீர்கள் என்று தெரியும், எழுதி வைக்கிறேன்.

ரத்தம் எடுப்பவள்


டிசம்பர் 19

டாக்டரம்மாவுக்கு,

ஏழு வருடத்தில் முதல் முறையாகக் கடிதத்தைப் பெட்டியில் வைக்காமல் தபாலில் போடுகிறேன். ஜூன் வரை பொறுக்க முடியவில்லை.

நேற்று உன் உறையைத் திறந்தேன். உன் கை வேர்வைக்கு மூன்று வாரத்தில் கம்பி கறுத்துவிடும், எனக்குத் தெரியாததா? கறுத்துத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை ஒரே சீராகக் கறுத்திருக்கிறது. விரலே படாத இடம், மேலே சுருதி முறுக்கும் கீயில் சுற்றியிருந்த சுருள், அதுகூடக் கறுப்பு. வாசித்த கம்பியை அடிப்பக்கம் தடவினால், கழுத்தின் குறுக்கே இருக்கும் ஃப்ரெட் தகடுகளில் அழுந்தி அழுந்தி விழுந்த சின்னச் சின்னப் பள்ளங்கள் விரலில் தட்டும். ஆறு கம்பியையும் தடவினேன். ஒன்றில்கூட ஒரு பள்ளம் இல்லை.

என்ன செய்தாய்? உப்புத் தண்ணீரில் ஊற வைத்தாயா? ஆஸ்பத்திரியில் சலைன் பாட்டிலுக்கா பஞ்சம்!

தினமும் அரை மணி நேரமாம். சுண்டுவிரல் பேச்சைக் கேட்கவில்லையாம். எதற்கு இந்த நாடகம்? என்னிடம் எது சொன்னாலும் செல்லும் என்று நினைத்துவிட்டாயா? உன் கடிதத்தை மறுபடி படித்துவிட்டுக் கசக்கிப் போட்டேன். கோபம்தான், வேறென்ன.

வக்கீல் எழுதியபடியே நடக்கட்டும். குடித்தனக்காரர் இனி இங்கேயே இருப்பார். ஜூனில் தம்பியை அனுப்ப வேண்டாம்.

லிஃப்ட்காரன்


டிசம்பர் 28

லிஃப்ட்காரருக்கு,

ஆமாம், சலைன்தான். இரண்டு நாள் ஊற வைத்தேன். பள்ளத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை. லேபில் இருப்பவளுக்கு நிறம்தான் கண்ணில் படும்.

போன ஜனவரியிலிருந்து இடது கையில் இரண்டு விரல் மரத்துக் கிடக்கின்றன. காட்டினேன். "கழுத்துல நரம்பு அழுத்துதும்மா. பதினெட்டு வருஷம் மைக்ராஸ்கோப்புல குனிஞ்சே இருந்திருக்கீங்க, வேற என்ன ஆகும்?" என்றார் டாக்டர். ஆபரேஷன் செய்தாலும் உத்தரவாதம் இல்லையாம். வலது கை நன்றாக இருப்பதால் ஊசி குத்தும் பிழைப்பு ஓடுகிறது. இடது கையால் கம்பியை அழுத்தினால், கம்பி மேல் விரல் இருக்கிறதா, மரத்தின் மேல் இருக்கிறதா என்றே தெரிவதில்லை. ஜூனில் குடித்தனக்காரர் வந்ததும் இரண்டு நாள் முயன்றேன். நாராசமாக இருந்தது. பெட்டியை மூடிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்றால், வாசிக்கவில்லை என்றால் கிட்டார் போய்விடும். கிட்டார் போனால் பெட்டி வராது. பெட்டி வராவிட்டால் அதற்குள் நீங்கள் வைக்கும் காகிதமும் வராது. எனக்கு வேறு யாரும் கடிதம் எழுதுவதில்லை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அலுப்பு வெட்கத்தை ஜெயித்துவிட்டது, அதனால் சொல்கிறேன்.

சரி, இப்போது உங்கள் கதைக்கு வருகிறேன். நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு டிசம்பரில் மூன்றாம் கம்பி கிடைக்காமல், நுனியில் சிவப்பு நூல் சுற்றிய வேறு கம்பெனிக் கம்பி ஒன்றை மாட்டி அனுப்பினேன். ஒரே ஒரு முறை. அடுத்த ஜூனில் அது உங்கள் உறையில் வந்தது, நியாயம். அதற்கடுத்த ஜூனிலும் வந்தது. அதற்கடுத்த ஜூனிலும். இந்த ஜூனிலும் சிவப்பு நூலோடு வந்து இளித்தது. பெட்டியிலேயே கிடந்த உங்கள் பழைய உறைகளைப் பிரித்துப் பார்த்தேன். எல்லாம் காலி. ஒரே செட் கம்பியை உறை மாற்றி, தேதி மாற்றி எனக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். நான் டிசம்பரில் மாட்டி அனுப்பிய கம்பி, ஜூனில் புதியது என்ற பெயரில் அப்படியே திரும்பி வந்தது. நீங்கள் மூன்று வருடமாகக் குடித்தனக்காரரைத் தொடவே இல்லை.

வக்கீல் எழுதியபடி நான் அன்றைக்கே எடுத்துக்கொண்டிருக்கலாம். வாயைத் திறந்தேனா? நீங்கள் என்னை நாடகம் என்று சொல்கிறீர்கள். போலீஸைத் திருடன் பிடித்த கதையாக இருக்கிறது.

கிட்டாரை வைத்துக்கொள்ளுங்கள். சண்டை போட எனக்குத் தெம்பில்லை. அறையில் ஈரம் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

ரத்தம் எடுப்பவள்


ஜனவரி 9

உனக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆயிற்று. பதில் எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். முதல் தடவை தூங்கிவிட்டேன். இரண்டாவது தடவை போன் வந்தது. துணிக்கடை லிஃப்டில் ஆறு பேர் மாட்டிக்கொண்டார்கள். இது மூன்றாவது.

மாட்டிக்கொண்டேன். சிவப்பு நூலை நான் கவனிக்கவே இல்லை. கம்பியைத் தடவிப் பார்க்கத் தெரிந்த எனக்குக் கம்பியைக் கண்ணால் பார்க்கத் தெரியவில்லை.

ஏன் தொடவில்லை என்று நீ கேட்கவில்லை. கேட்டதாக வைத்துக்கொண்டு சொல்கிறேன். நாம் கற்றுக்கொண்ட நாளிலிருந்து மெட்டு உன்னுடையது, பின்னணி என்னுடையது. நீ பாட்டை வாசிப்பாய், நான் பக்கத்தில் ஓர் இரவல் கிட்டாரில் கம்பிகளைச் சேர்த்து அழுத்தி, அடியில் கார்டு போட்டுக்கொண்டிருப்பேன். எனக்குத் தெரிந்த நாற்பது பாட்டிலும் எனக்குத் தெரிந்தது அந்தப் பாதி மட்டும்தான். தனியாக உட்கார்ந்து அதை வாசித்தால், யாரோ வரப்போகிறார்கள் என்று கதவைப் பார்த்துக்கொண்டே இருப்பது போல இருக்கிறது. நாலு வருடம் அப்படி வாசித்தேன். பிறகு முடியவில்லை.

அப்படியிருந்தும் உன் மேல் ஏன் பாய்ந்தேன் என்றால், நீ வாசிக்கிறாய் என்று நம்பிக்கொண்டிருந்தேன். லிஃப்ட் ஓடும் ஷாஃப்டுக்குள் தொங்கி, கிரீஸும் தூசியுமாக வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது, இந்நேரம் அவள் வாசித்துக்கொண்டிருப்பாள் என்று நினைப்பேன். என் நாளில் நல்லதாக இருந்தது அது ஒன்றுதான். பள்ளமில்லாத கம்பியைத் தடவியதும் அதுவும் இல்லை என்று தெரிந்தது. கோபம் என்று எழுதினேன். பொய். பயந்துபோனேன்.

நாம் சண்டை போட்டுப் பிரியவில்லை என்று நேற்றைக்குத்தான் உறைத்தது. எனக்கு ராத்திரி ரிப்பேர் அழைப்பு, உனக்குப் பகல் டியூட்டி. மூன்று வருடம் ஒருவரை ஒருவர் தூங்கும்போதுதான் பார்த்தோம். களைத்துப்போய் கையெழுத்துப் போட்டோம். வக்கீல் கிட்டாருக்காக ஒன்றரை மணி நேரம் நம்மைப் பேசவிட்டார். அந்த வருடத்தில் நாம் பேசியது அவ்வளவுதான்.

உன் விரல்களைப் பற்றிப் படித்ததிலிருந்து ஒன்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. மெக்கானிக் புத்தி, சிரிக்காதே. இரண்டு லிஃப்ட் ஒரே நேரத்தில் கெட்டால், இரண்டிலும் உருப்படியாக இருக்கும் பாகத்தைக் கழற்றி ஒன்றையாவது ஓட்டுவோம். உனக்கு வலது கை நன்றாக இருக்கிறது. எனக்குக் கார்டு பிடிக்கும் இடது கை இருக்கிறது. நான் அழுத்துகிறேன், நீ மீட்டு. கேவலமாகத்தான் இருக்கும். மொட்டை பார்த்தால் வேலையை விட்டுவிடுவார். கிட்டார் உன் மடியில் இருக்கட்டும், நான் உன் இடது பக்கம் உட்கார வேண்டும். நாற்காலி ஒத்துவராது, கைப்பிடி இடிக்கும். உன் வீட்டில் ஸ்டூல் இருக்கிறதா?

வரும் ஞாயிறு எனக்கு விடுமுறை. முறைப்படி ஜூன் வரைக்கும் குடித்தனக்காரர் என்னிடம்தான். ஆனாலும் எடுத்து வருகிறேன். வேனில் இல்லை, பஸ்ஸில், மடியில் வைத்துக்கொண்டு. அதனால் இந்தத் தடவை கம்பியைத் தளர்த்தவில்லை. நிஜமாகவே புதிய கம்பி வாங்கி மாட்டி, சுருதி சேர்த்துவிட்டேன்.

வேண்டாம் என்றால் தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு. வருத்தப்பட மாட்டேன் என்று எழுத நினைத்தேன். படுவேன். நான் வராவிட்டாலும் கடிதம் எழுதுவேன். பெட்டி இல்லாமலே தபால் போகிறது என்று இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறோம்.

நான்


ஜனவரி 13

உங்களுக்கு,

இதைத் தம்பியிடம் கொடுத்து அனுப்புகிறேன், தபாலில் போட்டால் ஞாயிற்றுக்குள் சேராது. அவன் படித்துப் பார்ப்பான். படிக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை நீங்களே கிட்டாரோடு வருவதைச் சொன்னேன். "அப்ப இனிமே நான் பெட்டியைத் தூக்க வேண்டாமாக்கா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் கீழே வேனில் போய் உட்கார்ந்துவிட்டான்.

இந்த வாரம் முழுக்க எனக்கு டபுள் டியூட்டி. ஞாயிற்றுக்கிழமை நான் பேச்சுக்கு நடுவே தூங்கிவிடக்கூடும். சிரிக்கக்கூடத் தெம்பிருக்காது. மீட்டுவது எப்படி இருக்குமோ தெரியாது. அப்படியே வாருங்கள்.

ஸ்டூல் இருக்கிறது. லிஃப்ட்தான் இல்லை. முழங்காலைப் பார்த்து மெதுவாக ஏறுங்கள். ஒவ்வொரு மாடியிலும் உட்கார்ந்து ஏறினாலும் சரி. டூல்ஸ் பையையும் எடுத்து வாருங்கள். லிஃப்டைச் சரிசெய்வது ஒரு நாளில் ஆகிற வேலை இல்லை என்றார் வாட்ச்மேன்.

நான்