பேசாத மனுசன்

யாழ்ப்பாணம்,
12.2.1985

மதுரையிலிருக்கும் என்னவருக்கு,

இந்த ஊர் பிடித்திருக்கிறதா என்று யார் யாரோ எழுதிக் கேட்கிறார்கள், உங்களைத் தவிர. சேலை கட்டிய டீச்சர்கள் சைக்கிளில் போவது பிடிக்கிறது. உவர்த் தண்ணீரும், ஆறு மணிக்கே ஆளரவம் அடங்கிவிடும் தெருவும் பிடிக்கவில்லை.

நேற்று வீட்டுக்கார அக்காவிடம், "நான் இங்கே வீணை சொல்லிக்கொடுக்க வந்ததிலிருந்து அவர் பேசுவதே இல்லை" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. "நீங்கள் விட்டிட்டு வந்தும் பேசாத மனுசனோ! குடுத்து வைச்சனீங்கள்."

இங்கே பேசுவதென்றால் திட்டுவது. நாம் பேசுவதை இவர்கள் கதைப்பது என்கிறார்கள்.

நான் திருத்தவில்லை. இப்போது தெரு முழுக்க உங்களுக்கு நல்ல பெயர்.

கதைக்க மனமில்லையென்றால், பேசியாவது ஒரு கடிதம் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீணைக்காரி