கழற்சிக்காய்ப் பொடி

திருத்தணி
12.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

படித்ததும் கிழித்துவிடு. யாரிடமும் காட்டாதே, உன் புருஷனாச்சே என்று பாவாவிடம்கூட. போனில் பேசினால் உன் மாமியார் பக்கத்திலேயே நிற்கிறார். அதனால்தான் நீ வேலை செய்யும் அங்கன்வாடிக்கு எழுதுகிறேன்.

எனக்கு நான்கு மாதமாக வரவில்லை. அம்மா முதலில் என் ஸ்கூல் பையைக் கொட்டித் தேடினாள். எந்தப் பையனின் பெயரும் கிடைக்காத பிறகுதான் டாக்டரிடம் கூட்டிப்போனாள். உன்னைப் போலவே எனக்கும் நீர்க்கட்டியாம். "நிறையப் பொண்ணுங்களுக்கு இருக்கும்மா. நல்லா நட, நேரத்துக்குச் சாப்பிடு, மூணு மாசம் கழிச்சி வா" என்றார் டாக்டரம்மா. பொடி கொடுத்தால் கருமுட்டை தேறுமா என்று அம்மா கேட்டதற்கு, அப்படித் தன்னால் சொல்ல முடியாது என்றார்.

அம்மா அவர் பேச்சைக் கேட்கவில்லை. தினமும் வெறும் வயிற்றில் மோரில் கழற்சிக்காய்ப் பொடியும் மிளகும். "உங்கக்காளாட்டம் நீயும் ஆயிடாதடி" என்று சொல்லிச் சொல்லிக் கொடுக்கிறாள். இன்று பிரேயரில் வாந்தி எடுத்தேன். "எத்தனாவது மாசம்டி?" என்று கேட்டாள் என் பக்கத்தில் உட்காரும் சுஜாதா. வரிசை முழுக்கச் சிரித்தது.

உனக்கும் இப்படித்தான் ஆரம்பித்ததா? உன்னை விட்டால் நான் யாரைக் கேட்பேன்?

உன் தங்கை,
ஷாலினி


பள்ளிப்பட்டு
20.8.2024

அன்புத் தங்கை ஷாலுவுக்கு,

கிழித்துவிட்டேன். அழாதே.

உன் வயதில் என்னை யாரும் டாக்டரிடம் காட்டவில்லை. கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துச் சென்னையில் ஊசி போட்டு எடுத்த முட்டைகளில் ஒன்றுகூடத் தேறவில்லை. தண்ணீர்விட்டான் கிழங்கு, அசோகப்பட்டை என்று யார் எந்தச் சாற்றைச் சொன்னாலும் குடித்தேன். காலம் போனபிறகு குடித்து என்ன? உனக்குப் பதினேழுதான். பொடியை ஒருநாளும் விடாதே.

உன் ஸ்கேன் ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்து அனுப்பு. தெரிந்த நர்ஸ் ஒருத்தி இருக்கிறாள், காட்டிக் கேட்கிறேன். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். சாப்பாட்டைக் குறைக்காதே.

அக்கா,
புஷ்பலதா


திருத்தணி
15.9.2024

அக்கா,

இன்று உன் மாமியாரும் பாவாவும் தட்டில் பூ பழத்தோடு வந்தார்கள். அம்மாவும் நைனாவும் என்னை உள்ளே போய்ப் படிக்கச் சொன்னார்கள். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"சின்னவளுக்கும் கட்டியாமே. பெரியவளால ஏழு வருசம் ஏமாந்தது பத்தாதா?" என்றார் உன் மாமியார்.

"புஷ்பாதான் ரிப்போர்ட்ட குடுத்தா. சின்ன வயசு, இப்பவே பொடி குடுத்துகினு வந்தா சரியாப் பூடும்னு சொல்றா" என்றார் பாவா. கதவிடுக்கில் பார்த்தேன், நான் அனுப்பிய ஜெராக்ஸ் அவர் சட்டைப் பையில் இருந்தது.

"அப்ப பெரியவ?" என்று நைனா கேட்டார்.

"அவ எங்கியும் போவ மாட்டா. வேற எவளாவது வந்தா இவள வீட்ல வச்சிகினு இருப்பாளா? அதனாலதான் என் தங்கச்சியே வரட்டும்னு அவளே சொன்னா. அக்கா தங்கச்சி, ஒரே அளவு ரவிக்க, எங்களுக்கும் செலவு மிச்சம்" என்று உன் மாமியார் சிரித்தார்.

அம்மா "ஆங்" என்று தட்டை வாங்கிக்கொண்டாள். பரீட்சை முடிந்து, பதினெட்டு ஆனதும் எனக்கும் பாவாவுக்கும் கல்யாணமாம். அதுவரை நீ நாளை முதல் இங்கேயே தங்கி எனக்குப் பொடி கொடுக்கப்போகிறாயாம்.

நீ சொன்னாயா அக்கா? இல்லை என்று ஒரே வரி எழுது, நம்புகிறேன். கட்டி என்று தெரிந்த அன்று எவ்வளவு அழுதேன். இன்று கதவுக்குப் பின்னால், அந்தக் கட்டியைச் சொல்லியாவது என்னை வேண்டாம் என்றுவிட மாட்டார்களா என்று நின்றேன். அதையும் நீ குணமாக்கிவிடுவாய் என்கிறார்கள்.

இனி நான் அதைக் குடிக்க மாட்டேன். என் முட்டை கெட்டே போகட்டும். நீ வருவதற்குள் இது உன் கைக்குக் கிடைக்காது, தெரியும். ஆனாலும் எழுதாமல்

கதவைத் தட்டுகிறார்கள். அம்மா என்றுதான் நினைத்தேன்.

"ஷாலு, நாந்தான். கடைசி பஸ்ஸ புடிச்சி இன்னிக்கே வந்துட்டேன். லைட்டு எரியுது, நீ தூங்கல. யாருக்குடி எழுதிகினு இருக்க?"