முதுகில்லாத கோட்டு

செங்கல்பட்டு,
6-4-2003

அன்புள்ள ராஜத்துக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் சிநேகாவும் சுகம். மஸ்கட்டில் வெயில் ஆரம்பித்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். இங்கே அது முடிந்ததே இல்லை. ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி குறைந்ததா? குறையாவிட்டால் உன் மேட்ரனிடம் வாய்விட்டுக் கேள். கேட்காதவர்களுக்கு யாரும் எதுவும் தருவதில்லை. கேட்டவர்களுக்கும் தருவதில்லை என்பதற்குத்தான் நான் இருக்கிறேன்.

எனக்குக் கீழே கிளார்க்காகச் சேர்ந்து எனக்கு மேலே போய் உட்கார்ந்த ஜானகிராமன், இந்த வாரம் சுழல் நாற்காலி வாங்கிக்கொண்டான். நான் பேச ஆரம்பித்தால் சன்னல் பக்கம் சுழன்றுவிடுகிறான். நான் வரலாற்றில் எம்.ஏ. எதையும் மறப்பதற்குப் படிக்கவில்லை.

சிநேகா விஷயத்துக்கு வருகிறேன். நர்சிங் விண்ணப்பம் வாங்கி வந்து அலமாரியில் வைத்திருக்கிறேன். அவள் அதைத் தொடவில்லை. சென்னையில் அந்த டிசைன் கல்லூரியில் ஃபேஷன் போட்டோகிராபிதான் படிப்பேன் என்று அதே பாட்டு. உடை அலங்காரமும் அவளே செய்து, அவளே எடுத்த பத்துப் படங்களை மே பத்தாம் தேதிக்குள் அங்கே கொடுக்க வேண்டுமாம். நீ எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். 'முதலில் அந்தப் படங்களை எனக்கு அனுப்பட்டும். பிடித்திருந்தால் சரி. இல்லாவிட்டால் ஜூனில் நர்சிங்.' அவள் சரி என்று தலையாட்டினாள். நானும் உன் பக்கம்தான். படம் பிடிக்கிறவர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. 'சார், கொஞ்சம் சிரிங்க' என்று என்னை ஆயுசு முழுக்க அதட்டிய கூட்டம் அது.

வீடு வீடாக இல்லை. சர்ச் விசேஷங்களுக்கு எடுக்கட்டும் என்று போன லீவில் நீ கொண்டுவந்து கொடுத்த கேமராதான் காரணம். முன்னறையில் உன் மெரூன் போர்வை ஆணியில் தொங்குகிறது. கிறிஸ்துமஸ் குடிலுக்கு வாங்கிய தெர்மாகோல் அட்டையைச் சன்னலுக்கு எதிரே நிறுத்தி, தெருவில் போகிறவனைக் கூப்பிடுகிற மாதிரி வெளிச்சத்தை முகத்தின் மறுபக்கத்துக்குத் திருப்புகிறாள். அட்டைக்குப் பதிலாக எவர்சில்வர் தாம்பாளம், பிறகு சிகரெட் தாள் மாதிரி மின்னும் ஏதோ காகிதம், கடைசியில் என் வெள்ளை வேட்டி. வேட்டி வெளிச்சம்தான் முகத்தைச் சுடவில்லையாம். எனக்கும் வித்தியாசம் தெரிந்தது. அவளிடம் சொல்லவில்லை.

மாடல், அவள் வகுப்புத் தோழி சங்கரி. தெருக்கோடியிலிருந்து கல்பாக்கத்துக்கு ஆபீஸ் பஸ்ஸில் போகிறாரே லக்ஷ்மிநாராயணன், அவர் பெண். அவள் புடவை மடித்துத் தயாராவதற்குள் வெளிச்சத்தைச் சோதிக்க ஒரு முகம் வேண்டும். அது என் முகம். ஸ்டூலில் உட்கார வைத்து, "தாடைய எறக்குப்பா, இன்னும் எறக்கு, போதும், ஆடாத" என்று படுத்துகிறாள். ஆபீஸில்கூட என்னை இவ்வளவு நேரம் யாரும் பார்த்ததில்லை.

ஜி.எஸ்.டி. ரோட்டில் ஸ்டூடியோ வைத்திருக்கும் துரையிடம் ஃபிலிமைக் கழுவக் கொடுத்தாள். ஒரு பக்கக் கன்னம் இருட்டில் இருக்க வேண்டும் என்று பாடுபட்டு எடுத்த படங்கள். அவன் எல்லாவற்றையும் பளிச்சென்று வெளுத்துக் கொடுத்துவிட்டான். "இன்னாமா, பாதி மூஞ்சி இருட்டா கீதேன்னு நாந்தான் கரெக்ட் பண்ணி வுட்டேன். கல்யாண ஆல்பத்துல இப்டி குட்த்தா மாப்ள வூட்ல என்ன சும்மா வுடுவானா?" என்றானாம். அவள் அழுவாள் என்று பார்த்தேன். மறுநாள் பிரிண்ட் போடும் மிஷின் பக்கத்திலேயே போய் நின்று, "அண்ணா, கை வெக்காதீங்க" என்று சொல்லிச் சொல்லி இருட்டோடு வாங்கி வந்தாள். பிடிவாதம் யாருடையது என்று எனக்குத் தெரியாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்,
கிருபாகரன்


செங்கல்பட்டு,
24-4-2003

அன்புள்ள ராஜத்துக்கு,

ஈஸ்டர் ஆராதனை நல்லபடியாக முடிந்தது. போதகர் ஏசுபாதம் ஐயர் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். என்னைப் பார்த்தே செய்தார். அவருக்கு ஜானகிராமனைத் தெரியாது, அதனால் பேசுகிறார்.

சங்கரிக்கு அம்மை போட்டிருக்கிறது. வாசலில் வேப்பிலை கட்டிவிட்டார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றி, தழும்பு ஆறி, அவள் கேமரா முன்னால் வர மே முடிந்துவிடும். அதுவரை எடுத்ததில் தேறியது ஒரு படம்கூட இல்லை என்று சிநேகாவே சொன்னாள். அன்று பகல் முழுக்க அந்தப் போர்வைக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். நான் நர்சிங் விண்ணப்பத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன். அந்த நேரத்தில் வைத்திருக்க வேண்டாம்.

சாயங்காலம் பிரிண்டுகளைத் தரையில் பரப்பினாள். வெளிச்சம் பார்க்க எடுத்த என் மூஞ்சிகளும் அதில் கலந்து கிடந்தன. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு வெளிநாட்டு ஃபேஷன் பத்திரிகையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். "இதுல ஒருத்தனாவது சிரிக்கிறானா பாருப்பா" என்றாள். புரட்டினேன். ஒருவனும் சிரிக்கவில்லை. அத்தனை பேருக்கும் பதவி உயர்வை மறுத்துவிட்ட மாதிரி இருந்தது. "இவங்கல்லாம் காசு வாங்கிகினு மொறைக்கறாங்க. நீ சும்மாவே மொறைக்கற" என்றாள்.

இப்படியாக, ராஜம், நாற்பத்தொன்பது வயதில் உன் புருஷன் ஃபேஷன் மாடல் ஆகிவிட்டான். யாரிடமும் சொல்லாதே. உன் ரூமில் இருக்கும் கேரளத்துப் பெண்களிடம் நிச்சயமாகச் சொல்லாதே.

கொசுவலையை நாலாக மடித்துத் தோளில் போட்டாள். ரோமாபுரி செனட்டர் மாதிரி இருந்தேன். லுங்கியும் ஆபீஸ் சட்டையும் உன் கறுப்பு ஸ்வெட்டரும் ஒன்றன்மேல் ஒன்று. மழைக்கோட்டு, உள்ளே வெறும் உடம்பு. ஒரு நாள் எண்ணெய் தேய்த்த முகம், ஒரு நாள் பவுடர், ஒரு நாள் பிரேயருக்குப் போகிற மாதிரி படிய வாரிய தலை. எது சரி என்று அவளுக்கும் முன்கூட்டித் தெரியவில்லை. போட்டுப் பார்க்கிறாள், சிரிக்கிறாள், கழற்றுகிறாள், வேறொன்று. ஒரு முறை சட்டையைத் திருப்பிப் போட்டு, தையல் வெளியே தெரிய எடுத்தாள். அதுதான் இதுவரை எடுத்ததில் நல்ல படம். என் முறைப்பு கொஞ்சம் தளர்ந்தால், "அப்பா... ஜானகிராமன்" என்பாள். உடனே சரியாகிவிடும். அந்த மனிதனால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று இனிமேல் சொல்ல முடியாது.

அடுத்த விஷயத்தைக் கோபப்படாமல் படி. நம் கல்யாணக் கோட்டைக் கண்டுபிடித்துவிட்டாள். பெட்டி அடியில், ரச கற்பூர உருண்டைகளோடு கிடந்தது. கல்யாணத்தன்று கழற்றியதற்குப் பிறகு நான் அதைத் தொடவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். அன்று நம் கார் உலகநாதன் வீட்டைத் தாண்டும்போது, அவன் வாசலில் நின்று, "யார் வூட்டு கோட்டுடா அது?" என்று கேட்டுச் சிரித்தான். அவன் வீட்டு வயலில் குனிந்தே பழகிய என் அப்பா, காதில் விழாத மாதிரி கார்க் கண்ணாடியை ஏற்றினார். அதற்குப் பிறகுதான் சர்ச் வாசலில் போட்டோக்காரன் சிரிக்கச் சொன்னான். சிநேகாவுக்கு இது எதுவும் தெரியாது. "இவ்ளோ சூப்பர் கோட்ட ஏம்ப்பா ஒளிச்சு வெச்ச?" என்று கேட்டாள். இடம் இல்லை என்று சொன்னேன்.

கோட்டு தோளுக்கு வந்தது, வயிற்றுக்கு வரவில்லை. நீ வந்தால் என்ன சொல்வாயோ, கத்தரியை எடுத்து முதுகுத் தையலை மேலிருந்து கீழ்வரை பிரித்துவிட்டாள். பிரிந்த இரண்டு பக்கங்களையும் துணி காயப்போடும் கிளிப்புகளால் என் சட்டையோடு சேர்த்துப் பிடித்தாள். முன்னால் பார்த்தால் நேற்று அளவெடுத்துத் தைத்தது. பின்னால் முதுகே இல்லை. "கேமரா பின்னாடி வந்து பாக்காதுப்பா" என்றாள். ஆபீஸில் பாதிப் பேர் இப்படித்தான் இருக்கிறார்கள்.

ஒன்பது படங்கள் முடிந்துவிட்டன. பத்தாவதுக்கு இந்தக் கோட்டு. அந்தப் பத்திரிகையில் ஒருவன் கோட்டோடு வெறுங்காலில் நிற்கிறான், பின்னால் சூரியன் கடலில் இறங்குகிறது. அந்த மாதிரி ஒன்று வேண்டுமாம். மாமல்லபுரத்துக்குப் போய்ப் பார்த்தோம், கோயில் பக்கம் கேமரா ஸ்டாண்டு வைக்க அனுமதி வாங்க வேண்டும் என்று காவலாளி சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார், இருந்தாலும் ஞாபகம் வைத்திருக்கிறேன். ஆகவே வரும் ஞாயிற்றுக்கிழமை கடப்பாக்கம் போகிறோம், ஆலம்பரைக் கோட்டைக்கு. சூரியன் மறையும் நேரம், பஸ் நேரம் எல்லாம் நான் பார்த்து வைத்துவிட்டேன்.

உன்,
கிருபாகரன்


செங்கல்பட்டு,
2-5-2003

அன்புள்ள ராஜத்துக்கு,

இதோடு பத்துப் படங்கள் இருக்கின்றன. முதலில் கடிதத்தைப் படி. பிறகு படங்களைப் பார். நீ மாற்றிச் செய்வாய் என்று தெரியும்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கிளம்பினோம். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம், அங்கிருந்து பாண்டிச்சேரி பஸ். மடியில் கோட்டு, பையில் கிளிப்புகள். இடிந்த மதில், அதன் கீழே உப்பங்கழி, அதற்கப்பால் மணல்திட்டு, அதற்கும் அப்பால் கடல். சிநேகா ஸ்டாண்டை நிறுத்தி, என்னைச் செருப்பில்லாமல் நிற்க வைத்து, கிளிப்புகளை மாட்டினாள். இரண்டு பேரும் கடலைப் பார்த்தபடி சூரியனுக்காகக் காத்திருந்தோம்.

ரொம்ப நேரம் காத்திருந்தோம். என் நிழல் எனக்கு முன்னால் நீண்டுகொண்டே போய் உப்பங்கழித் தண்ணீரைத் தொட்டது. அதைப் பார்த்தேன். அவளும் அதைப் பார்த்தாள். அப்புறம் இரண்டு பேரும் மெதுவாகத் திரும்பிப் பார்த்தோம். எங்கள் முதுகுக்குப் பின்னால், சவுக்குத் தோப்புக்கு மேலே, சூரியன் அதுபாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. வங்காள விரிகுடாவில் சூரியன் மறையும் என்று ஒரு எம்.ஏ.வும் ஒரு பிளஸ் டூவும் இரண்டு பஸ் மாறிப் போயிருக்கிறோம், ராஜம். இந்தக் கரையிலேயே பிறந்தவர்கள். பத்திரிகைக்காரன் அவன் ஊர்க் கடலை எடுத்திருக்கிறான், நாங்கள் அதை நம் கடல் என்று நினைத்துவிட்டோம்.

அவள் முகம் விழுந்துவிட்டது. கடைசி ஃபிலிம். அடுத்த ஞாயிறுக்கு நாள் இல்லை. கழுவி, பிரிண்ட் போட்டு, உனக்கும் கல்லூரிக்கும் அனுப்ப வேண்டும். திட்டுவதற்கு யாராவது கிடைப்பார்களா என்று தேடினேன். பஸ் நேரம் பார்த்தது நான்தான். அதற்குள் அவள் என் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, கடலுக்கு முதுகக் காட்டு" என்றாள்.

திரும்பி நின்றேன். அந்த வெளிச்சத்தை எப்படி எழுதுவது? வீட்டில் வேட்டியும் தெர்மாகோலும் வைத்து அவள் தேடிய வெளிச்சம் முழுசும் அங்கே சும்மா கொட்டிக் கிடந்தது. பழுப்புக் கோட்டு வெல்லப்பாகு நிறத்துக்கு வந்துவிட்டது. "அய்யோ அப்பா, அசையாத, அப்டியே மொறை" என்று கத்தினாள். முறைத்தேன். இரண்டு மூன்று எடுத்தாள்.

கேமராவுக்குப் பின்பக்கம் தெரியாது. ஆனால் கழியில் இறால் பிடித்துவிட்டு என் முதுகுப் பக்கமாகக் கரையேறிய பெண்களுக்கு அதுதானே முதலில் தெரியும்! கூடைகளோடு அப்படியே நின்றுவிட்டார்கள். பிறகு ஒரு குரல், "அடியே, கோட்டு தைக்கறவன் முதுக மறந்துட்டான்டி!" என்றது. இன்னொரு குரல், "அது இல்லக்கா, கிளிப்ப பாரு. சார தொவச்சு கொடில போட்டுகினு, எடுக்க மறந்துட்டாங்க!" என்றது. கூடை குலுங்க அத்தனை பேரும் சிரித்தார்கள்.

அதே கோட்டு. மறுபடியும் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். கோபம் வரும் என்று காத்திருந்தேன். அதற்குள் வயிறு குலுங்க ஆரம்பித்துவிட்டது. "அப்பா, மொற! வெளிச்சம் போவுது! ஜானகிராமன்!" என்று சிநேகா கத்தினாள். ஜானகிராமனை நினைத்தேன். அவனும் கொடியில் தொங்கினான். உலகநாதனைக் கூப்பிட்டுப் பார்த்தேன். எவ்வளவோ வருஷமாகக் கூப்பிடாமலே வருகிறவன், அன்று வரவில்லை. அடக்கப் போய் ஒரு கிளிப் தெறித்து விழுந்தது. கூடைக்காரி ஒருத்தி அதைப் பொறுக்கி, "இந்தா சார், காயறதுக்குள்ள வுழுந்துட்டியே" என்று கையில் கொடுத்தாள். அவ்வளவுதான். நான் சிரித்த சிரிப்பில் சிநேகா கேமராவுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டே அழுத்தினாள். ஃபிலிம் தீர்ந்து, கேமரா தானாகச் சுற்ற ஆரம்பித்தது.

கவலைப்படாதே, திங்கட்கிழமை காலை ஆபீஸ் வாசலிலேயே ஜானகிராமன், உலகநாதன் எல்லாரும் பத்திரமாக எனக்குள் திரும்பி வந்துவிட்டார்கள்.

முறைத்த படம்தான் பத்தாவது என்று நினைத்தேன். சிநேகா ஒத்துக்கொள்ளவில்லை. "ஒம்போது மொறைப்புக்கு அப்புறம் இத வெச்சாதாம்ப்பா, அந்த ஒம்போதும் யாருன்னு தெரியும்" என்றாள். துரை மிஷினில் கை வைக்காமல், "சார், இத ஷோகேஸ்ல வெச்சுக்கட்டா? உங்க மூஞ்சில இப்டி ஒண்ணு இருக்கறது தெரியாம போச்சே" என்று கேட்டான். முடியாது என்று சொல்லிவிட்டேன். இன்னும் நீ பார்க்கவில்லையே.

முதல் கடிதத்தில் நான் உன் பக்கம் என்று எழுதியிருந்தேன். அதை எடுத்துவிடு. நர்ஸ் வேலை எந்த ஊரிலும் கிடைக்கும் என்பது உண்மை. அது உன்னை எந்த ஊருக்குக் கொண்டுபோனது என்பதும் எனக்குத் தெரியும். இந்தப் பெண் தன் கையில் இருப்பதை வைத்து, வேட்டியையும் கொசுவலையையும் என்னையும் வைத்து, ஒரு வேலையைத் தானே கற்றுக்கொண்டுவிட்டாள். சூரியன் தப்பான பக்கம் இறங்கியபோது அவள் அழுதுகொண்டு நிற்கவில்லை. ஆளைத் திருப்பி நிறுத்தினாள். என் வயதில் எனக்கு அது தோன்றவில்லை. சென்னைக் கல்லூரியின் ஜூன் நேர்முகத் தேர்வுக்கு அவள் போகட்டும். சரி என்று ஒரு வரி எழுது. அவள் கேட்கமாட்டாள், அதனால் நான் கேட்கிறேன்.

படத்தில் இன்னொன்று. ஆள் எந்தப் பக்கம் பார்க்கிறானோ அந்தப் பக்கம் இடம் விட வேண்டுமாம். அதனால் என்னை ஓரமாக நிறுத்தி, பக்கத்தில் நிறைய இடம் விட்டிருக்கிறாள். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நான் மேற்கே பார்க்கிறேன். அங்கே சவுக்குத் தோப்பையும் அரபிக் கடலையும் தாண்டி என்ன இருக்கிறது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கோட்டின் முதுகைத் தைக்கக் கொடுக்கப் போனேன், சிநேகா தடுத்துவிட்டாள். அடுத்த லீவில் நம் இரண்டு பேரையும் அதே இடத்தில் எடுக்க வேண்டுமாம், கிளிப்பெல்லாம் வேண்டாமாம். நீ பக்கத்தில் நின்று, பின்னால் கை கொடுத்துப் பிடித்துக்கொண்டால் போதும் என்கிறாள். படத்தில் உன் கை தெரியாது. லீவு எப்போது என்று மேட்ரனிடம் கேள், ராஜம். வாய்விட்டுக் கேள்.

ஆண்டவர் உன் கைகளுக்குப் பெலன் தரட்டும்.

உன்,
கிருபாகரன்